உள்ளங்கையில் எழுதியது

பிப்ரவரி 9

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீயும் உன் மனைவியும் உடல் நலத்தோடும் உள்ள நிறைவோடும் வாழ இறைவன் துணை நிற்பானாக. என் நலத்தைக் கேட்பாய். முழங்கால் வலி குறைந்திருக்கிறது. மற்றவற்றைக் கேளாதே.

உன் அத்தான் மறைந்து இன்றோடு நாற்பத்தைந்து நாள். அடக்கத்துக்கு வந்த நீ மூன்றாம் நாளே அலுவலகம் திரும்ப வேண்டியிருந்ததால், அன்று நடந்ததை உன்னிடம் வரிசையாகச் சொல்ல வாய்க்கவில்லை. இப்போது சொல்கிறேன்.

வாந்தியும் கால் சோர்வும் என்று அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். சிறுநீரகம் முன்பே பழுதுபட்டதுதான். காலை பதினொரு மணிக்கு இரத்தம் எடுத்துப் போனார்கள். அதன்பின் ஒருவரும் வரவில்லை. முப்பத்தோராண்டு பேருந்து ஓட்டி, ஒருநாளும் வேகமாகப் போகாததால் "நிதானம்" என்றே பெயர் வாங்கிய மனிதர் அல்லவா, கட்டிலிலும் பொறுமையாகவே கிடந்தார். "எத்தனை பேர என் வண்டியில நிக்க வெச்சே கூட்டிட்டுப் போயிருப்பேன்! எனக்குப் படுக்கவே எடம் கெடச்சிருக்கு. நீ ஏன் மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்க?" என்று என்னைச் சிரிக்க வைத்தார்.

மாலை நான்கு மணிக்கு நாக்கு வறள்கிறது என்றார். பழச்சாறு கூடாது என்று மருத்துவர்கள் முன்பே சொல்லியிருந்தது நமக்குத் தெரியும். "ஒரு வாய் ஆரஞ்சு சாறு குடு. டாக்டர் கேட்டா டிரைவர் மேலதான் தப்பு, கண்டக்டர் மேல கேசு இல்லன்னு நானே சொல்லிடறேன்" என்றார். மனம் கேட்கவில்லை. கீழே கடையில் பிழிந்து வாங்கிக் கொடுத்தேன். ஒரு டம்ளர், தம்பி. முழுவதும் குடித்தார்.

ஆறு நாற்பதுக்கு அவர் இதயம் நின்றது. ஓடி வந்தவள் ஓர் இளம் மருத்துவர். அவரைத் தொடுவதற்கு முன் அந்தப் பெண் தன் வலக்கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள். ஏன் பார்த்தாள் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் அந்த முகம் கண்ணை விட்டுப் போகவில்லை. இரத்தத்தில் பொட்டாசியம் என்னும் உப்பு ஏறிவிட்டதாகப் பிறகு சொன்னார்கள். அது பழச்சாற்றில் மிகுதி என்பதையும் அவர்களே சொன்னார்கள்.

மாலை வழிபாட்டில் நம் தந்தை கற்பித்த பாடல்களை ஐம்பதாண்டுகளாக ஓதி வருகிறேன். இப்போது நாலாம் அடியில் நா நின்றுவிடுகிறது. கொடுத்த கையைக் குவித்துக்கொண்டு எந்த முகத்தோடு அவனை அழைப்பது?

நீ பொதுச் சுகாதாரத் துறையின் தலைமையகத்தில் கவனக்குறைவுக் கோரிக்கைகளைக் கையாளும் பிரிவில் இருபத்துமூன்று ஆண்டுகளாக இருக்கிறாய். எப்படி விண்ணப்பிப்பது என்று எழுது. எனக்குப் பொருள் வேண்டாம். அவரைக் கொன்றது என் கைச் சாறுதானா என்ற ஒரு வினாவுக்கு விடை வேண்டும்.

உன் நலம் நாடும்
அக்கா


பிப்ரவரி 20

தாய்க்கு நிகரான அக்காவுக்கு,

தம்பி வணங்கி எழுதுவது. இங்கு இருவரும் நலம். அவளுக்கு மட்டும் தும்மல் விடவில்லை. உங்கள் கடிதத்தை இருமுறை படித்தேன். மூன்றாம் முறை அவள் பிடுங்கி வைத்துக்கொண்டாள்.

விண்ணப்பம் எளிது, காத்திருப்புத்தான் கடினம். மருத்துவமனையின் ஆவணப் பிரிவில் சிகிச்சை ஏட்டின் நகல் பெறுங்கள். முறையீட்டுப் படிவத்தை மூன்று படிகள் எழுதிக் கொடுங்கள். அவர்கள் சம்பந்தப்பட்ட மருத்துவர்களிடம் விளக்கம் வாங்கி முதலில் எங்களுக்கு அனுப்புவார்கள். உங்கள் முறையீடு சில வாரம் பின்னால் வரும். விளக்கங்களில் நோயாளியின் பெயர் இராது, எண் மட்டும் இருக்கும். ஆகவே உங்கள் கோப்பு என் மேசைக்கு வந்தாலும் தொடக்கத்தில் எனக்கே தெரியாது.

என் வேலை என்னவென்று ஒருநாளும் உங்களுக்கு விளங்கச் சொன்னதில்லை. மருத்துவர்கள் எழுதும் விளக்கத்தைச் சிவப்புப் பென்சிலால் திருத்துவது. திருத்தியதைத் தட்டச்சம்மா சுத்தமாக அடித்துத் தருவார். மருத்துவர் அதில் கையொப்பமிடுவார். மறு ஆய்வுக் குழு கூடினால் கோப்பை எடுத்து வைத்துப் பதில் சொல்வதும் என் வேலைதான். "விளக்கம் எழுதலாம், வருத்தம் எழுதக் கூடாது" என்பது பிரிவுத் தலைவரின் வேதவாக்கு. "வருத்தம்னு ஒரு வார்த்த போச்சுன்னா வக்கீல் அதப் புடிச்சிக்கிட்டு வாசல்ல நிப்பான்யா" என்பார்.

அக்கா, ஒன்று மட்டும் கேளுங்கள். பழச்சாற்றைப் பற்றிப் படிவத்தில் எழுத வேண்டாம். யாரும் கேட்கப் போவதில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

தங்கள் அன்புக்குரிய
தம்பி


மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

இறைவன் அருளால் நலம். உன் மனைவியின் தும்மலுக்கு வெந்நீர் ஆவி பிடிக்கச் சொல். விண்ணப்பித்துவிட்டேன்.

ஆவணப் பிரிவில் கம்பிச் சன்னலுக்கு அப்பால் ஒருவர் தலை நிமிராமலே "என்னம்மா வேணும்?" என்றார்.

"எங்க வீட்டுக்காரரோட ஏடு வேணுங்க."

"பேஷன்ட் நேர்ல வரணும்."

"அவரால வர முடியாதுங்க."

"அப்ப கையெழுத்து வாங்கிட்டு வாங்க."

"அவரு எறந்துட்டாருங்க."

"அத மொதல்லயே சொல்லக் கூடாதா? அதுக்கு வேற ஃபாரம்."

உன் அத்தான் இருந்திருந்தால் இதை வைத்து ஒரு மாதம் சிரித்திருப்பார். நான் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து, சிரிக்க முயன்று, முடியாமல் அழுதேன்.

நீ சொன்னதை நினைத்துப் பார்த்தேன். ஓர் இரவும் ஒரு பகலும் எண்ணினேன். பிறரிடம் உண்மையைக் கேட்டு நிற்கும் தாளில் என் பங்கு உண்மையை ஒளித்து வைத்தால், அந்தத் தாள் எந்தக் கதவைத் தட்டும்? நான்கு மணி, ஒரு டம்ளர் ஆரஞ்சுச் சாறு, கொடுத்தவள் நான் என்று எழுதிவிட்டேன். உன் பழமொழிப்படி தவளையாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

அக்கா


மார்ச் 19

அக்காவுக்கு வணக்கம்.

நாங்கள் நலம். ஆவி பிடித்ததில் தும்மல் நின்றது. உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாள். நீங்கள் எழுதிக் கொடுத்ததை இனி மாற்ற முடியாது. உங்களை எதிர்த்து வாதாட அத்தானாலேயே முடிந்ததில்லை, நான் எம்மாத்திரம்!

இங்கே மின்தூக்கி பழுது. நாலு மாடி ஏறி வருவதற்குள் கோப்பைவிட நான் கந்தலாகிவிடுகிறேன். இந்த வாரம் முப்பது விளக்கங்கள். அவற்றில் ஓர் இளம் மருத்துவர், கோவிலில் நின்று முறையிடுவது போல் அரைப் பக்கம் எழுதியிருந்தார். அரைப் பக்கத்தையும் அடித்தேன். பாவம், புதிது. போகப்போகக் கற்றுக்கொள்வார்.

மாடியில் துணி காயப் போடும் கொடி அறுந்துவிட்டது. புதிது வாங்க வேண்டும்.

தம்பி


ஏப்ரல் 25

அன்புத் தம்பிக்கு,

நலமாக இருப்பாய் என்றே நம்புகிறேன். உன் பதில் வராமல் நான் எழுதும் இரண்டாவது கடிதம் இது. பதினைந்து நாளுக்கு மேல் உன் கடிதம் தாமதித்ததில்லை. கல்லூரி விடுதியில் அம்மை கண்டு கிடந்தபோதுகூட நண்பனைக் கொண்டு எழுத வைத்தவன் நீ.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மருத்துவமனையிலிருந்து கொண்டுவந்த டம்ளரைக் கழுவி அலமாரியில் கவிழ்த்து வைத்தேன், அப்படியே இருக்கிறது. பழக்கடைக்காரர் "என்னக்கா, நம்ம கடையையே மறந்துட்டீங்க? பழத்துல ஏதும் கொறையா?" என்று கேட்கிறார். அவருக்கு என்ன சொல்வது? இப்போது எதிர்ச்சாரியில் நடக்கிறேன்.

வேலை மிகுதியா, உடம்பா என்று ஒரு வரி போடு.

அக்கா


ஜூன் 3

தம்பிக்கு,

நலமா? உன் மனைவி தொலைபேசியில், நீ நன்றாகத்தான் இருக்கிறாய், சரியாகச் சாப்பிடுவதில்லை, அவ்வளவுதான் என்றாள். அவள் குரலில் அவ்வளவுதான் இல்லை.

உங்கள் துறையின் பதில் வந்துவிட்டது. அப்படியே எழுதுகிறேன்:

"சிகிச்சை நடைமுறைகளுக்கு இணங்கவே அளிக்கப்பட்டது. இரத்த ஆய்வின் அறிக்கை மறுநாள் காலையில்தான் பிரிவுக்கு வந்து சேர்ந்தது. மருத்துவ அறிவுரைக்கு மாறாகக் குடும்பத்தினர் பழச்சாறு அளித்ததை மனுதாரரே ஒப்புக்கொண்டுள்ளார். மேற்படி நிலையில் கோரிக்கை ஏற்கத்தக்கதன்று."

கீழே ஒரு முத்திரை. கையொப்பம் யாருடையதென்று தெரியாத ஒரு சுழி.

என் வினாவுக்கு விடை கிடைத்துவிட்டது, தம்பி. கேட்டுத்தானே வாங்கினேன். இனிமேல் யாரையும் எதுவும் கேட்பதற்கில்லை.

அக்கா


ஜூன் 20

அக்காவுக்கு,

தாமதத்துக்குப் பொறுக்க வேண்டும். உடம்பு கொஞ்சம் சரியில்லை. இப்போது பரவாயில்லை.

நீங்கள் உங்களை வருத்திக்கொள்ளக் கூடாது. சாறு காரணமல்ல. அது எனக்குத் தெரியும். மனத்தைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். மறு ஆய்வுக் குழுவுக்கு விண்ணப்பிக்க மூன்று மாதம் காலம் இருக்கிறது. ஆனால் அலைச்சல் உங்கள் உடம்புக்கு ஆகாது.

மழைக்காலத்துக்குள் அங்கு வரப் பார்க்கிறேன்.

தம்பி


ஜூலை 1

தம்பிக்கு,

உடம்பு தேறியதறிந்து மகிழ்ச்சி. என்ன உடம்பென்று நீ எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

காரணம் சாறு அல்ல என்று உனக்குத் தெரியும் என்கிறாய். ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் "அப்படி இருக்காது" என்பார்கள், "விதி" என்பார்கள். எதிர்வீட்டுத் தையற்காரி "சாமி கூப்புட்டுக்கிச்சுக்கா" என்றாள். இந்த ஆறு மாதத்தில் தெரியும் என்று சொன்னவன் நீ ஒருவனே. எப்படித் தெரியும்?

உன் கடிதங்களை எடுத்து வரிசையாகப் படித்தேன். மார்ச்சு மாதத்தில் ஓர் இளம் மருத்துவரின் அரைப் பக்கத்தை அடித்ததாக எழுதி, உடனே துணிக்கொடிக்குத் தாவியிருக்கிறாய். அதன்பின் மூன்று மாதம் உன்னிடமிருந்து ஓர் எழுத்தில்லை.

நான் ஒன்றும் கேட்கப் போவதில்லை. சிறு வயதில் பொய் சொன்னால் உனக்குக் காய்ச்சல் வரும். அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு அடிக்காமல் போய்விடுவாள். அப்படியே நானும் போகிறேன்.

நாலாம் அடியில் நின்ற பாட்டு இன்னும் அங்கேயே நிற்கிறது.

அக்கா


ஜூலை 30

அக்கா,

நலம் விசாரிக்கும் தகுதி இந்தக் கடிதத்துக்கு இல்லை. இத்துடன் ஒரு தாளின் நகல் இருக்கிறது. என் சிவப்புக் கோடுகளுக்குக் கீழே எழுத்துகள் தெரியும். தெரியாத இடங்களுக்காக இங்கே படியெடுக்கிறேன். அந்த இளம் மருத்துவர் எழுதியது:

"பிற்பகல் இரண்டு பத்துக்கு ஆய்வகத்திலிருந்து தொலைபேசியில் அழைத்து, பதினொரு மணி இரத்தத்தில் பொட்டாசியம் உயிருக்கு ஆபத்தான அளவில் இருப்பதாகச் சொன்னார்கள். அருகில் தாள் இல்லாததால் படுக்கை எண்ணையும் அளவையும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். அந்நேரம் ஒன்பதாம் படுக்கையில் ஒருவருக்கு இரத்தப்போக்கு. அங்கே ஓடுமுன் விதிப்படி முழங்கைவரை சோப்பிட்டுக் கை கழுவினேன். எழுதியது போய்விட்டது. போனது என் நினைவிலும் இல்லை. ஆறு நாற்பதுக்கு அவரருகே நின்றபோதுதான் கையைப் பார்த்தேன். இரண்டு பத்துக்கே மருந்து கொடுத்திருந்தால் அவர் பிழைத்திருக்க வாய்ப்பு மிகுதி. தவறு என்னுடையது. அவருடைய துணைவியாரிடம் இதைச் சொல்ல எனக்கு அனுமதி வேண்டுகிறேன்."

பதினொரு மணி இரத்தம், அக்கா. நீங்கள் சாறு கொடுத்தது நான்கு மணிக்கு.

கோப்பில் பெயர் இல்லை, உண்மைதான். ஆனால் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்த பெண்ணைப் பற்றி நீங்கள் பிப்ரவரியிலேயே எழுதியிருந்தீர்கள். அந்தச் சொல் வந்த இடத்தில் என் பென்சில் நின்றது. ஒரு கணம் நின்றது. நானே அதை நகர்த்தினேன். அறியாமல் செய்தேன் என்று சொல்ல ஒரு வழி இருக்கிறது, அந்தக் கணம் மட்டும் அதை அடைக்கிறது.

ஏப்ரல் இரண்டாம் நாள் உங்கள் முறையீடு மேசைக்கு வந்தது. உங்கள் கையெழுத்து. எங்கள் பிரிவில் உறவினர் கோப்பு வந்தால் எழுந்து சொல்லிவிட வேண்டும் என்பது விதி. சொல்லியிருந்தால் ஏன் அடித்தாய், எப்போது தெரியும் என்று கேட்பார்கள். ஓய்வு பெறப் பத்து மாதம். குடியிருப்பதும் துறையின் வீடு. வாய் வரவில்லை. தலைவர் என் தோளில் கைபோட்டு, "அந்தம்மாவே எழுதிக் குடுத்துட்டாங்கல்ல, நமக்கென்ன வேல? பழச்சாறுலயே முடிச்சிடுங்க" என்றார்.

முடித்தேன். நீங்கள் எனக்குப் படியெடுத்து அனுப்பிய அந்த வாக்கியங்கள் நான் எழுதியவை. கீழிருந்த சுழியும் என்னுடையதுதான்.

அத்தான் எனக்கு முதன்முதலில் வாங்கித் தந்தது ஒரு சிவப்புப் பென்சில். உங்களுக்கு நினைவிருக்காது.

இந்தத் தாளை என்ன வேண்டுமானாலும் செய். என்னை மன்னிக்காதே, அக்கா, ஆனால் உன்னை நீ விட்டுவிடு.

தம்பி


ஆகஸ்ட் 9

தம்பிக்கு,

உன் கடிதம் வந்து ஆறு நாளாயிற்று. முதல் இரண்டு நாள் எனக்கு உன்மேல் வந்த சினத்தை எழுத மாட்டேன். எழுதினால் அது தாளில் தங்கிவிடும்.

நான்கு மாதம், தம்பி. ஒரு டம்ளரைப் பார்த்துப் பார்த்து நான் கருகியதை நீ தெரிந்துகொண்டே துணிக்கொடியைப் பற்றி எழுதினாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். அந்தச் சோற்றை என் இலையிலேயே நீ பரிமாறுவாய் என்று எண்ணவில்லை.

மூன்றாம் நாள் அந்தப் பெண் எழுதியதை மறுபடி படித்தேன். அவளும் தன் தவற்றைத் தானே எழுதினாள். நானும் என் தவற்றை நானே எழுதினேன். உங்கள் அலுவலகத்தில் ஒன்றை அடித்தீர்கள், மற்றொன்றை எடுத்து முத்திரை குத்தி அனுப்பினீர்கள். மெய் சொன்ன இருவரும் தண்டனை பெற்றது ஒரே மேசையில்.

மறு ஆய்வுக் குழுவுக்கு விண்ணப்பித்துவிட்டேன். அஞ்சாதே. நீ அனுப்பிய தாள் என் மறைநூலுக்குள் இருக்கிறது, அதை ஒருவருக்கும் காட்ட மாட்டேன். சிறு வயதில் உன்னை இடுப்பில் சுமந்தவள், உன் சோற்றைப் பறிக்க மாட்டேன். விண்ணப்பத்தில் ஒரு வினா மட்டும் கேட்டிருக்கிறேன்: இரத்தம் எடுத்தது எத்தனை மணிக்கு, முடிவு முதன்முதலில் யாரிடம் சொல்லப்பட்டது?

குழுவின் முன் கோப்பை எடுத்து வைத்துப் பதில் சொல்வது உன் வேலை என்று நீ முன்பு எழுதியிருக்கிறாய். கேள்வி என்னுடையது. பதில் உன்னுடையது. எதைச் சொன்னாலும் நீ என் தம்பிதான். சொல்லாவிட்டாலும்தான்.

உன் மனைவிக்கு என் அன்பு. ஒழுங்காகச் சாப்பிடு.

அக்கா


அக்டோபர் 4

அக்காவுக்கு,

உடல் நலம்.

நேற்று குழு கூடியது. நீண்ட மேசை, மூன்று உறுப்பினர்கள், கிரீச்சிடும் மின்விசிறி. தலைமை உறுப்பினர் ஓய்வு பெற்ற நீதிபதி, மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்ட அம்மையார். உங்கள் வினாவை அவரே படித்தார்.

"ரத்தம் எத்தன மணிக்கு எடுத்தாங்க?"

"காலையில பதினொண்ணுக்குங்கம்மா."

"முடிவு?"

"ரெண்டு பத்துக்கு ஃபோன்ல சொல்லிட்டாங்க. டியூட்டி டாக்டர்கிட்ட."

அவர் விளக்கத்தைப் புரட்டினார். "இதுல அப்படி ஒண்ணும் இல்லையே?"

"இருக்காதுங்கம்மா. நான்தான் அடிச்சேன்."

பின்னாலிருந்து தலைவர், "என்னய்யா பேசுற? ஒக்காருய்யா!" என்றார். நான் அடித்த மூலத்தாளை மேசைமேல் வைத்தேன்.

"இன்னொண்ணும் சொல்லணும். மனு குடுத்தவங்க எங்க அக்கா. ஏப்ரல்லயே எனக்குத் தெரியும்."

அம்மையார் கண்ணாடியைக் கழற்றினார். "இத இப்ப ஏன் சொல்றீங்க?"

"அவங்களால பாட்டு பாட முடியலங்கம்மா" என்றேன். ஒருவருக்கும் புரிந்திராது.

அன்று மாலையே பணியிடை நீக்கம். விசாரணை உண்டு. ஓய்வூதியம் அதன் முடிவைப் பொறுத்தது. அடுத்த மாத இறுதிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். இருபத்துமூன்றாண்டு மேசையில் என் பொருள் ஒரு துணிப்பை அளவுதான் இருந்தது. தட்டச்சம்மா படிக்கட்டுவரை வந்து அந்தச் சிவப்புப் பென்சிலை நீட்டினார். "இதையும் எடுத்துட்டுப் போங்க சார். இங்க வேற வாங்கிப்பாங்க" என்றார்.

அவர் சொன்னது மெய். வேறு வாங்கிக்கொள்வார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அவள் அழவில்லை. பாத்திரங்களை எண்ணிக் கட்டத் தொடங்கிவிட்டாள்.

தம்பி


நவம்பர் 16

என் அன்புத் தம்பிக்கு,

இறைவன் உன்னைக் காக்க. உன் கடிதத்தைப் படித்த மாலை விளக்கின் முன் அமர்ந்தேன். நாலாம் அடியைத் தாண்டினேன். குரல் நன்றாக இல்லை. ஆனாலும் தாண்டினேன்.

துறையிலிருந்து இரண்டு உறைகள் வந்தன. ஒன்றில், தவறெதையும் ஒப்புக்கொள்ளாமல் ஒரு தொகை தருவதாகவும், அதைப் பெற்றுக்கொண்டால் நான் இது பற்றி எங்கும் பேசக் கூடாதென்றும் இருந்தது. பேசாதிருந்ததற்கு இந்தக் குடும்பம் கொடுத்த விலை போதும் என்று எழுதித் திருப்பிவிட்டேன். மற்றொன்றில், குழுவின் ஆணைப்படி, அந்தப் பெண்ணின் அரைப் பக்கம் கோடுகளின்றி இருந்தது. நான் விண்ணப்பித்தது இந்த ஒரு தாளுக்காகத்தான்.

அவள் இருக்கும் இடத்தை மருத்துவமனையில் கேட்டறிந்து, சென்ற வியாழன் அவளைப் பார்த்து வந்தேன். இரண்டு பேருந்து மாறிப் போகும் தொலைவில், ஒரே அறையுள்ள சுகாதார நிலையத்தில் இருக்கிறாள். சுவர்க்கடிகாரம் ஓடவில்லை. வரிசையில் நின்று என் முறை வந்ததும் உள்ளே போனேன். தலை நிமிர்ந்தவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"என்னய ஞாபகம் இருக்காம்மா?" என்றேன்.

"ஒங்க மொகத்த மறக்க முடியுமாம்மா. உக்காருங்க." அவளால் உட்கார முடியவில்லை. "சுத்தமா டைப் அடிச்சு ஒரு காகிதம் வந்துச்சு. நான் எழுதுனது அதுல இல்ல. கையெழுத்துப் போடுன்னாங்க. போட்டேன். போட்டிருக்கக் கூடாது."

"நான் சாறு குடுத்தேம்மா."

"தெரியும். குழுவுல என்னயும் கூப்புட்டு ஒங்க மனுவக் காட்டுனாங்க. நீங்க இத்தன மாசமா பழிய ஒங்க மேல போட்டுக்கிட்டீங்கன்னு அப்பதான் தெரியும்." பிறகு மெல்லச் சொன்னாள்: "ரெண்டு பத்துக்கே நான் ஊசி போட்டிருந்தா, நாலு மணிக்கு நீங்க குடுத்த சாறு..."

அவள் கழுத்தில் கயிறு கட்டிய சிறு குறிப்பேடு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. பென்சிலும் அதிலேயே கட்டியிருந்தது. அவள் வலக்கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். கழுவிக் கழுவித் தோல் வெடித்த வெறுங்கை. அதை என் இரு கைகளுக்குள் வைத்துக்கொண்டேன். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அந்தச் சொல் எனக்கு வரவில்லை. வெளியே நோயாளிகள் இருமிக்கொண்டிருந்தார்கள்.

தம்பி, உன் அத்தானின் அறையை ஒழித்து வெள்ளையடித்து வைத்திருக்கிறேன். சன்னல் கிழக்குப் பார்த்தது. மாத இறுதிவரை காத்திராமல் இருவரும் வந்துவிடுங்கள். பாத்திரங்களில் பாதியை அங்கேயே கொடுத்துவிடச் சொல், இங்கு வைக்க இடமில்லை. சிவப்புப் பென்சிலையும் எடுத்து வா. அவர் உனக்கு முதல் பென்சில் வாங்கித் தந்தது எனக்கு நினைவிருக்கிறது. கடையில் நின்று நிறம் தேர்ந்தவளே நான்தான்.

ஒன்றை விட்டுவிட்டேன். நான் எழுந்தபோது அங்கே வேலை செய்யும் அம்மாள் ஒருத்தி, "வெயில்ல இவ்ளோ தூரம் வந்திருக்காங்க டாக்டரம்மா, வெறும் வாயோடயா அனுப்பறது?" என்று சொல்லிக்கொண்டே இரண்டு டம்ளர்களைக் கொண்டுவந்து வைத்தாள். ஆரஞ்சுச் சாறு. அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. எடுத்துப் போகச் சொல்ல வாயெடுத்தாள்.

நான் டம்ளரை எடுத்தேன். புளிப்பாக இருந்தது, தம்பி. முழுவதும் குடித்தேன்.

உன் வரவை நோக்கி,
அக்கா